மூடி திறக்காத மனிதர்

அரசாங்கத்திடம் எதையும் மறைக்காமல், அதே சமயம் எதையும் காட்டாமல் வாழ்ந்த மனிதர் இந்தியாவிலேயே ஒருவர்தான். அவர் மூடி.

தொண்ணூறுகளின் பிற்பாதியில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே, முள்வேலி போட்ட மத்திய அரசு வளாகம் ஒன்றில் நான் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். மூடி அங்கே வெல்டர். கடப்பாக்கத்துக்காரர். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டுமே தெரியும். காலையில் வாசலில் சாப்பாட்டு கேரியரைத் திறக்கச் சொன்னால், இரண்டு கைகளாலும் மேல்மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்வார். பெயர் அப்படி வந்தது.

கேரியர் மட்டுமல்ல. ஊரிலிருந்து யாராவது அவருக்குத் தபால் கார்டு எழுதினால், தபால்காரர் முகத்தைப் பார்த்து, "படிச்சிட்டல்ல? நல்லா கீறாங்களா எல்லாரும்?" என்று கேட்டுவிட்டு, கார்டை வாங்காமலே கதவைச் சாத்திக்கொள்வார். எங்கள் குடியிருப்பு டெலிபோன்களெல்லாம் ஒரே எக்ஸ்சேஞ்ச் வழியாகப் போகும். மூடி ரிசீவரை எடுத்ததும் மனைவியிடம்கூடப் பேசாமல், "நடுவுல கேக்குறவங்களுக்கு மொதல்ல வணக்கம்" என்பார். சில நாள் பதில் வணக்கமும் வருமாம்.

ஒருமுறை மைத்துனன் வந்திருந்தான். குடியிருப்புக்குள் விருந்தாளி நுழைந்தால் வாசலில் விவரம் சொல்ல வேண்டும். காவலாளி ஏகாம்பரம் கேட்டான்:

"வந்த காரணம் இன்னா அண்ணாத்த?"

"அத்த அவன்கிட்டயே கேளு நைனா. நானும் வந்த நாள்லேர்ந்து கேட்டுகினுதான் கீறேன்."

நாட்டில் பதற்றம் கூடிய ஒரு வருஷம், எல்லாருடைய கேரியரையும் வாசல் மேசையில் அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்க உத்தரவு வந்தது. அன்று முதல் தினமும் காலையில் எங்கள் வாசலில் இலவச நாடகம்.

"தொறங்க அண்ணாத்த."

"இன்னாத்துக்கு?"

"குண்டு கிண்டு கீதான்னு பாக்கணும்ல?"

"அதுக்குத்தான் மிசினு வெச்சிகிறியே, அதுல வுடு. தூக்கிப் பாரு. மோந்து பாரு. நாட்டுக்கு ஒன்னுன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா என் சோத்த எதுக்கு இத்தினி பேரு முன்னாடி தொறக்குற? நேத்து பின்னாடி நின்னவரு கேரியர்ல பழைய சோறு இருந்திச்சி. சாயங்காலம் ரேஷன் கடை வரைக்கும் பேசறாங்க. அது எந்தக் குண்டு ஏகாம்பரம்?"

வரிசை கைதட்டும். நான் மட்டும் சிரிக்க மாட்டேன். அந்தப் பழைய சோற்றுச் செய்தியை ஊருக்குள் அனுப்பியதே என் வீடுதான். நான் சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்குள் என் மனைவி, "இன்னிக்கு யார் வீட்ல என்ன குழம்பு?" என்பாள். நானும் ரேடியோ மாதிரி ஒப்பிப்பேன். தேசப் பாதுகாப்பு எங்கள் வீட்டில் காப்பியோடு பரிமாறப்பட்டது.

ஒரு நாள் மூடியைத் தனியே எச்சரிக்க என் அறைக்குக் கூப்பிட்டேன். அவர் கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தினார். பிறகு, நான் கேட்காமலே, கேரியரைத் திறந்தார்.

"உங்க ஒருத்தருக்குக் காட்றதுல எனக்கு ஒன்னும் இல்ல சார். பாத்துக்குங்க. சோறு, ரசம், சங்கரா மீன் வறுவல்."

நான் திருவிடந்தையில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவன். வெங்காயத்துக்கே வீட்டில் தடை. அந்த வாசனை வந்ததும் எச்சரிக்கை மறந்துவிட்டது.

"ஒன்னு எடுத்துக்கறீங்களா?" என்றார் மூடி. சும்மா மரியாதைக்குத்தான் கேட்டிருப்பார். எடுத்துக்கொண்டேன். இரண்டாவதை நானே கேட்டு வாங்கினேன்.

அதிலிருந்து மூடியின் கேரியரில் நடு அடுக்கு எனக்கு. ஏகாம்பரத்திடம், "அவரை மெஷின்ல பார்த்து விட்டுடு, வயசானவர்" என்று சொல்லிவைத்தேன். மூடி என்னைவிட இளையவர். கதையில் என் முட்டாள்தனம் இனிமேல்தான் வருகிறது. மீனே சாப்பிட்டாலும் அந்நியப் பாத்திரத்தில் சாப்பிட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆசாரம் என்று ஒன்று இருக்கிறதே! எங்கள் வீட்டு எவர்சில்வர் டப்பாவை மூடியிடம் கொடுத்து, இதில்தான் கொண்டுவர வேண்டும் என்றேன். அது அவர் கேரியரின் நடு அடுக்கில் கச்சிதமாக உட்கார்ந்தது. கல்யாணச் சீராக வந்த டப்பா. செங்கல்பட்டுப் பாத்திரக்கடையில் என் மனைவியின் பெயரை முழுசாக, இனிஷியலோடு, பக்கவாட்டில் பொறித்திருந்தார்கள்.

அந்தத் தை மாதம் தலைமையகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி முன்னறிவிப்பில்லாமல் வந்து வாசலில் நின்றார். எல்லா அடுக்கையும் என் கையாலேயே பிரித்துக் காட்டச் சொன்னார். வரிசையில் மூடி. அவருக்கு நேர் பின்னால், கணக்குப் பிரிவில் வேலை பார்த்த என் வருங்காலச் சம்பந்தி. அவர் வீடு எங்களைவிட ஆசாரம். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது.

மூடியின் இரண்டு கைகளும் மேல்மூடிக்குப் போயின.

"மிசின்ல பாருங்க. இல்லன்னா ரூமுக்கு வரேன். இங்க தொறக்க மாட்டேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். "திறக்காவிட்டால் பாஸை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பாஸ் போனால் பட்டறை போயிற்று. வெல்டிங் பொறிதான் மூடிக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம். அது எனக்குத் தெரியும். "சார், அதில் இருப்பது என் டப்பா" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சம்பந்தி தொண்டையைக் கனைத்தார்.

நான் கையை நீட்டினேன். "பாஸைக் குடுப்பா."

மூடி என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு கழுத்திலிருந்து பாஸைக் கழற்றி, என் உள்ளங்கையில் வைத்தார். நேராகச் சாலைக்கு எதிரே போய், சவுக்குத் தோப்பின் ஓரம், முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். காலை எட்டரை மணிக்கு மதியச் சாப்பாடு! என்ன சாப்பிடுகிறார் என்று பார்த்துவர அதிகாரி ஏகாம்பரத்தை விரட்டினார். போனவன் மூச்சு வாங்கத் திரும்பினான்.

"இன்னா துன்றாருன்னு தெரில சார். ஆனா படா ருசியா கீதுன்னு மட்டும் தெரியுது."

வரிசை வெடித்துச் சிரித்தது. சம்பந்திகூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதுதான் என்னால் இன்றும் பொறுக்க முடியாதது.

விசாரணை நடந்தது. "எதற்காகத் திறக்கவில்லை?" என்று கேட்டவர்களிடம் மூடி, "என் வழக்கம் சார்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பாஸ் திரும்பி வரவில்லை. வேலிக்கு வெளியே, குடியிருப்புத் தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் அறைக்கு மாற்றினார்கள். வெல்டிங் டார்ச் பிடித்த கை மோட்டார் சுவிட்ச் போட்டது.

சம்பவம் நடந்த அன்று சாயங்காலம், வேலிக்கு வெளியே நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டர் கொக்கியில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. உள்ளே என் டப்பா, செய்தித்தாளில் சுற்றி. திறந்தால் ஒரே ஒரு துண்டு மீன். கடற்கரைக்குப் போய் அழுதுகொண்டே தின்றேன். ருசியில் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் தலைமையகத்துக்கு எழுதி எழுதி, வாசலில் திரை போட்ட ஒரு சின்ன அறை கட்ட வைத்தேன். ஒருவர் போகலாம், ஒருவர் பார்க்கலாம், பார்த்தது வெளியே போகக் கூடாது. மூடி முதல் நாளிலிருந்து கேட்டது அவ்வளவுதான். அந்த அறைக்குள் அவர் ஒரு நாளும் நுழைய நேரவில்லை. வீட்டில் என் குழம்பு வாசிப்பும் நின்றது. மனைவி எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தாள். இதைப் படித்துத்தான் அவளுக்குக் காரணம் தெரியப்போகிறது. திட்டட்டும்.

பெண் கல்யாணத்துக்கு மூடி வந்தார். மண்டபத்து வாசலில் காலைப் பிடிக்காத குறையாக மன்னிப்புக் கேட்டேன்.

"அட வுடு சார். உங்க வூட்டு சமாச்சாரம் ஊருக்கு இன்னாத்துக்கு? பந்தி எங்க நடக்குது, அத்த சொல்லு."

கூட்டிப்போய்க் கடைசி இலையில் உட்காரவைத்தேன். வீடியோக்காரர் பளீரென்று விளக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு இலையாகப் படம் பிடித்தபடி வந்தார். மூடியின் இரண்டு கைகளும் இலைக்குக் குறுக்கே போயின. நான் இடையில் போய் நின்று, பட்டு அங்கவஸ்திரத்தை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, நகருங்க, மறைக்கிறீங்க" என்றார் வீடியோக்காரர்.

"தெரியும்ப்பா" என்றேன். மூடி பாயசம் குடித்து முடிக்கும் வரை நகரவில்லை.