கராஜில் பொரித்த கிரேக்க உருண்டைகள்

"இறைச்சியோட நீங்கள் இந்த வாசலைத் தாண்டினால், நான் முன்வாசலைத் தாண்டிப் போயிடுவன்" என்றார் சிவரூபினி. குசினி வாசலில் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றார்.

வாசலின் இந்தப் பக்கம் அவருடைய கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா. ஒரு கையில் அரைத்த ஆட்டிறைச்சிப் பை. மறு கையில் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதுபோல் ஒரு பெரிய கட்டு லீக்ஸ்.

"லீக்ஸ் உள்ளுக்கு வரலாம். இறைச்சி வராது. இண்டைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி எண்டு எனக்குத் தெரியாதே? அந்தச் சனங்கள் வெள்ளிக்கிழமைதான் வருவம் எண்டால் நான் என்ன செய்ய?"

அந்தச் சனங்கள் என்பது நிக்கோஸின் தாயும் தகப்பனும். நிக்கோஸ் என்பது மகள் கம்சிகா கட்டப்போகும் கிரேக்கப் பெடியன். அவனுடைய பெற்றோர் கிங்ஸ்பரி வீட்டுக்கு முதல்முறையாக இன்று மாலை வருகிறார்கள். சம்பந்தம் பேசும் சாப்பாடு. "வழமையா அம்மா சமைக்கிறதே போதும் அப்பா, விசேஷமா ஒண்டும் வேண்டாம்" என்று கம்சிகா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அந்த ஒரு வசனம்தான் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"கிரேக்கச் சம்பந்திக்குப் பருப்பும் கத்தரிக்காயுமோ? நாங்கள் என்ன ஒண்டும் தெரியாத ஆக்களே? அவையின்ர சாப்பாட்டை அவைக்கே சமைச்சுக் காட்டவேணும். பிள்ளை போற இடத்தில தலை நிமிர்ந்து நிக்கவேணும், கண்டியோ!"

இந்தப் பெருமைக்கு ஓர் ஆதாரமும் இருந்தது. லண்டனுக்கு வந்த புதிதில் அவர் ஒரு கிரேக்க உணவகத்தில் வேலை பார்த்தவர். "கிரேக்கச் சாப்பாட்டில கை வைச்சவன் நான்" என்று யாரைக் கண்டாலும் சொல்வார். உண்மைதான். ஆனால் அவர் கை வைத்ததெல்லாம் மற்றவர்கள் சாப்பிட்டு முடித்த பிளேட்டுகளில். அது அவருக்கு ஒரு குறையாகத் தோன்றியதில்லை. பிளேட் கழுவுகிறவனுக்கும் கண் இருக்கிறது, அடுப்பு எதிரேதான் இருந்தது என்பது அவருடைய கட்சி.

"அப்ப நான் கராஜில சமைக்கிறன்."

"கராஜிலயோ, கூரையிலயோ, உங்கட விருப்பம். என்ர சட்டி பானை ஒண்டும் தரமாட்டன்."

லீக்ஸில் பாதியைச் சிவரூபினி பறித்துக்கொண்டார். இந்த மனிசனை நம்பினால் வந்த சனம் பட்டினி என்று அவருக்குத் தெரியும். மீதி லீக்ஸோடும் இறைச்சியோடும் ஸ்ரீஸ்கந்தராஜா கராஜுக்குள் போய், பழைய காஸ் அடுப்பைத் தூசி தட்டினார்.

அந்த உணவகத்து முதலாளி இறைச்சி உருண்டை செய்த முறை அவருக்கு நினைவிருந்தது. இறைச்சி, ஊறவைத்த பாண், வெங்காயம், புதினா, முட்டை, அவித்த லீக்ஸ். எல்லாம் போட்டுப் பிசைந்து, உருட்டி, எண்ணெயில் போட்டார். முதலாவது உருண்டை உடனே கரைந்துபோனது. இரண்டாவது அதைத் தேடிப்போனது. அவித்த லீக்ஸைப் பிழியவேண்டும் என்பது மட்டும் அன்று அவர் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை போலும்.

தண்ணீரை இழுக்க என்ன போடலாம்? யாழ்ப்பாணத்து மனிதனுக்கு இதற்கு ஒரே விடைதான். குசினி யன்னல் பக்கம் போய்க் குரல் கொடுத்தார்.

"இஞ்சேர், புட்டுக்கு வறுத்த மா கிடக்கோ?"

மா நிரம்பிய தகரப் பேணி யன்னலால் வந்தது. தாராளமாகக் கொட்டினார். இப்போது உருண்டை உடையவில்லை. கீழே விழுந்த ஒன்றும் உடையவில்லை. கராஜ் கதவில் பட்டுத் திரும்பி வந்தது. இளக்குவதற்குத் தயிர் ஊற்றினார். தயிர் கூடிவிட்டது. மறுபடி மா. மறுபடி தயிர். பாத்திரம் நிரம்பி வழிய, கம்சிகாவின் சாமத்தியச் சடங்குக்கு வாங்கிப் பின்பு யாரும் தொடாத அண்டாவைப் பரணிலிருந்து இறக்கவேண்டியதாயிற்று.

உருண்டைகள் ஒருவழியாகப் பொரிந்தன. பார்க்க நன்றாகத்தான் இருந்தன. உப்பு?

இங்கேதான் பெரிய சிக்கல். மகள் நல்ல இடத்தில் வாழ்க்கைப்படும்வரை வெள்ளிக்கிழமையில் இறைச்சி வாயில் வைப்பதில்லை என்று ஸ்ரீஸ்கந்தராஜா கோயிலில் நேர்ந்திருந்தார். அந்த நல்ல இடம் இன்று வீட்டுக்கு வரும்போதா நேர்த்தியை முறிப்பது? கையை மோந்து பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

எதிர்வீட்டுப் பத்ரிநாராயணன் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கும்பகோணத்துக்காரர், வங்கியில் பெரிய வேலை.

"தம்பி, ஒண்டைச் சாப்பிட்டு உப்புப் பார்த்துச் சொல்லுங்கோவன்!"

"ஐயோ சார், நான் முட்டை போட்ட கேக்கே சாப்பிட மாட்டேன்!" பத்ரிநாராயணன் இரண்டு அடி பின்னால் போனார். ஆனாலும் அயலவருக்கு உதவாமல் போக மனம் வரவில்லை. தூர நின்றபடியே ஆழமாக மூச்சை இழுத்தார். "வாசனைய வச்சுச் சொல்றேன். உப்பு கொஞ்சம் கம்மியோன்னு தோணுது."

மீதிக் கலவைக்கு இன்னொரு கை உப்பு விழுந்தது.

அடுத்த வேலியால் எட்டிப் பார்த்தவர் இம்மாகுலேற். பாஷையூர்க்காரி. நல்லகாலம், வேதக்காரர், கிறிஸ்தவர்களுக்கு வெள்ளி செவ்வாய் விரதம் கிடையாது என்று ஸ்ரீஸ்கந்தராஜா ஒரு தட்டோடு ஓடினார்.

"ஐயோ அண்ணை, வெள்ளிக்கிழமை எங்களுக்கும் இறைச்சி இல்லை. மீன் எண்டால் தாங்கோ."

"ஒரு கடி, இம்மாகுலேற். பாதர் காணமாட்டார்."

"பாதர் காணமாட்டார். மேல இருக்கிறவர்?" என்ற இம்மாகுலேற், உருண்டையைக் கண்ணால் மட்டும் அளந்தார். "நிறம் காணாது அண்ணை. கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டால் என்ன?"

போட்டார். சிவரூபினியின் தமக்கை ஊரிலிருந்து இடித்து அனுப்பிய தூள். அதற்கு அளவு கரண்டி அல்ல, பயம். ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு அன்று பயமே இருக்கவில்லை.

கடைசித் தாச்சிச்சட்டி அடுப்பிலிருந்து இறங்கியபோது தோட்டத்து மூலையில் ஒரு நரி வந்து நின்றது. பட்டப்பகலில் குப்பைத் தொட்டியைப் பார்வையிட வருகிற அதே நரிதான். அந்தத் தெருவில் வெள்ளிக்கிழமை பாராத ஒரே சீவன். ஸ்ரீஸ்கந்தராஜா ஓர் உருண்டையைப் புல்லில் எறிந்தார்.

நரி மோந்தது. விழுங்கியது. அப்படியே நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தது. பிறகு குருவிகளுக்கு வைத்திருந்த தண்ணீர்த் தட்டுக்குப் போய், வாயை எடுக்காமல் முழுவதையும் குடித்தது. குடித்துவிட்டுத் திரும்பி வந்து அடுத்த உருண்டைக்காக நின்றது.

"ரூபி! ரூபி! ஓடி வாரும்! நரி ரெண்டாந்தரம் கேக்குது!"

"அப்ப நரியையே சம்பந்தியாக்குங்கோ" என்று குசினிக்குள்ளிருந்து பதில் வந்தது.

அவர் காதில் வாங்கவில்லை. நெஞ்சு விம்மியது. இந்த நாட்டுக்கு ஒரு கைப்பையோடு வந்தவன் இன்று தன் சொந்த வீட்டில், தன் கையால், கிரேக்கனுக்குக் கிரேக்கச் சாப்பாடு போடப்போகிறான். குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, வாசலில் போய் நின்றார்.

வந்தவர்கள் நல்ல மனிதர்களாகத்தான் தெரிந்தார்கள். தாய் மரியா சிவரூபினியைக் கட்டிப்பிடித்தார். தகப்பன் யோர்கோஸ் மீசையும் மௌனமுமாக ஓர் இனிப்புப் பெட்டியை நீட்டினார். அதன் பிறகு அவர் வாய் திறக்கவே இல்லை. நிக்கோஸ் மட்டும் அடிக்கடி காற்றை மோந்து கம்சிகாவைப் பார்த்தான்.

மேசையில் முதலில் வந்தது சிவரூபினியின் சமையல். ஒலிவ் எண்ணெயில் வதக்கிய லீக்ஸோடு எலுமிச்சம்புளி விட்டுக் கிளறிய சோறு. "கிரேக்க முறை, நான்தான் சொல்லிக் குடுத்தது" என்று ஸ்ரீஸ்கந்தராஜா ஆங்கிலத்தில் இடையே புகுந்தார். பக்கத்தில் தேங்காய்ப்பூப் போட்ட லீக்ஸ் வறை, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல். மரியா ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். யோர்கோஸ் இரண்டாம்முறை போட்டுக்கொண்டார்.

"வயித்தில இடம் வைச்சிருங்கோ!" என்று எழுந்தார் ஸ்ரீஸ்கந்தராஜா. "மெயின் சாமான் இனித்தான் வருகுது."

"அப்பா, என்ன மெயின்?" கம்சிகாவின் முகம் மாறியது. "அப்பா, ஒரு நிமிஷம்..."

"நீ பொறு பிள்ளை."

அண்டா வந்தது. தூக்கிவர நிக்கோஸும் கை கொடுக்கவேண்டியிருந்தது. மேசை நடுவில் அதை இறக்கி வைத்து மூடியைத் திறந்தார் ஸ்ரீஸ்கந்தராஜா. செக்கச் சிவந்த உருண்டைகள் மலைபோல் குவிந்து கிடந்தன. அவர் தொண்டையைக் கனைத்து, நாள் முழுக்கக் கராஜில் ஒத்திகை பார்த்த ஆங்கிலத்தில் பேசினார்.

"இந்த வீடு வாங்கிய நாளிலிருந்து இங்கே ஒரு வெள்ளிக்கிழமைகூட இறைச்சி சமைத்ததில்லை. நான் வாயில்கூட வைப்பதில்லை. என் மனைவி என்னோடு சண்டை பிடித்தார். ஆனால் இன்றைக்கு, உங்களுக்காக, உங்கள் மகனுக்காக, அந்த வழக்கத்தை நான் உடைத்தேன். உங்கள் நாட்டு உருண்டை. என் கையால் செய்தது. சாப்பிடுங்கள்!"

ஒருவரும் சாப்பிடவில்லை. மரியா புன்னகையை அப்படியே பிடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்தார். நிக்கோஸ் மேசைவிரிப்பைப் பார்த்தான். கம்சிகா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஸ்ரீஸ்கந்தராஜா அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். நிறம் சரியில்லையோ? உருவம் பிழைத்துவிட்டதோ? பிள்ளையின் வாழ்க்கையை ஓர் அண்டா இறைச்சியில் கவிழ்த்துவிட்டேனோ? கடைசி முயற்சியாக ஓர் உருண்டையை எடுத்து யோர்கோஸின் தட்டில் தானே வைத்தார்.

"கூச்சப்படவேண்டாம். ஒன்றே ஒன்று."

யோர்கோஸ் கரண்டியைக் கீழே வைத்தார். மீசையைத் துடைத்தார். அன்று முதன்முதலாக வாய் திறந்தார்.

"ஈஸ்டர் வரும்வரை நாங்களும் இறைச்சி தொடாத விரதம், ஐயா. வெள்ளிக்கிழமையில் இறைச்சி அடுப்பேறாத வீடு உங்களுடையது என்று உங்கள் மகள் சொல்லித்தான் வெள்ளிக்கிழமையே வருகிறோம் என்று சொன்னோம். இந்தக் காலத்து லண்டனில் அப்படி ஒரு குடும்பத்தில் பெண் எடுக்கிறோம் என்று எங்கள் கோயில் முழுக்கப் பெருமையடித்துவிட்டுத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்."