முள்ளம்பன்றிகள் வாங்கிய உருளும் வீடு

ஒரு காட்டில் மழைக்காலம் தொடங்க நாற்பது நாள்தான் பாக்கி இருந்தது. அங்கே ஒரு பாறை இடுக்கில் சடையன் என்ற முள்ளம்பன்றியும் அவன் மனைவி பூரணமும் வாடகைக்குக் குடியிருந்தார்கள். பூரணம் முழுகாமல் இருந்தாள். அந்த நேரம் பார்த்து, பாறைக்குச் சொந்தக்காரரான உடும்பு வந்தார். தன் மகளுக்குக் கல்யாணம் கூடிவிட்டது, மாப்பிள்ளை வீட்டோடு வருகிறார், ஆகவே இடத்தைக் காலி செய்து தர வேண்டும் என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். மரியாதையாகச் சொன்னதால் சண்டை போடவும் வழியில்லை.

அன்றிலிருந்து பூரணத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குட்டி ஈரத்தில் பிறந்தால் சளி பிடிக்கும். சளி பிடித்தால் மூச்சு இழுக்கும். மூச்சு இழுத்தால் ஓடையைத் தாண்டி வைத்தியரிடம் ஓட வேண்டும். மழையில் ஓடையை எப்படித் தாண்டுவது? இப்படி அவள் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை ஓடைக்கரைவரை போய்த் திரும்பி வந்தாள். எல்லாம் மனதுக்குள்ளேதான். ஆனாலும் கால் வலித்தது.

அந்தக் காட்டில் எல்லா அலுவலகங்களிலும் முள்ளம்பன்றி முள்ளைத்தான் பேனாவாக வைத்து எழுதினார்கள். அதனால் உதிர்ந்த முள்ளுக்கு நல்ல மதிப்பு. எட்டு வருஷமாக இருவரும் பொறுக்கிச் சேர்த்ததில் முந்நூறு முள் தேறியது. வீடும் அதற்குள் முடிய வேண்டும், பிரசவமும் அதற்குள் முடிய வேண்டும்.

முதலில் பெருச்சாளி மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். மண்ணில் வளை தோண்டி வீடு கட்டித் தருவதில் அவர் பேர் போனவர். பாதியில் நிற்கும் வளைகள் காடு முழுக்க இருந்ததால் அவரைத் தெரியாதவர்களே கிடையாது. அவர் சடையனை ஒருமுறை முள்ளை விரித்துக் காட்டச் சொன்னார். விரித்ததும் நெற்றியைச் சுருக்கினார். இந்த அகலத்துக்கு முந்நூறு முள் ஆகும் என்றார். வாசல் தனி, மழைத்தண்ணீர் போக வாய்க்கால் தனி, கொல்லைப்புற வழி தனி என்றும் சொன்னார்.

எப்போது முடியும் என்று பூரணம் கேட்டாள்.

"தை பிறக்கட்டும்மா."

"மழை ஐப்பசியிலேயே வந்துடுமே, மேஸ்திரி."

"வரட்டுமே. மழையில மண்ணு நல்லா இளகும். தோண்டறதுக்குச் சுகமா இருக்கும்."

அவர் போன பிறகு பூரணம் ஓடைக்கரைக்கு மேலும் இரண்டு முறை போய் வந்தாள்.

அடுத்ததாகச் சடையன் அவளை ஆமையிடம் கூட்டிக்கொண்டு போனான். ஆமை ஆலமரத்தடியில் உருளும் வீடுகள் விற்றுக்கொண்டிருந்தது. பலகையில் செய்து, நான்கு சக்கரம் வைத்து, மேலே கூரை போட்ட வீடு. விலை நூற்றெண்பது முள். அன்றைக்கே எடுத்துக்கொண்டு போகலாம். இதற்கு என்ன உத்தரவாதம் என்று சடையன் கேட்டான். ஆமை தன் முதுகைத் தட்டிக் காட்டியது.

"நூத்தி இருபது வருஷமா நடமாடுற வீட்டுலதான் குடியிருக்கேன். ஒரு நாள் ஒழுகியிருக்குமா?"

வெயில் வந்தால் நிழலுக்கு உருட்டிக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுக்காரரைப் பிடிக்கவில்லை என்றால் அவரை அங்கேயே விட்டுவிட்டு நாம் மட்டும் போய்விடலாம் என்றும் ஆமை சொன்னது. இந்த இரண்டாவது விஷயத்தைக் கேட்டதும் சடையனுக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துவிட்டது.

பூரணம் அப்படிச் சிலிர்க்கிறவள் இல்லை. காலையில் வற்றல் காயப்போட்டால், சாயங்காலம் எடுக்கப் போகும்போது வீடு அதே இடத்தில் இருக்குமா என்று கேட்டாள். சரிவில் நிற்கும்போது தும்மல் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். விருந்தாளிகள் வந்து தேடினால் யாரைப் போய்க் கேட்பார்கள் என்று கேட்டாள். ஆமை ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னது. மூன்றாவது பதில் முடிவதற்குள் இரண்டு நாள் ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து இருவரும் சண்டை போட்டார்கள். மண் வீடு கட்டினால் பிரசவத்துக்கு ஒரு முள்கூட மிஞ்சாது என்று சடையன் சொன்னான். அது உண்மைதான். அதனாலேயே பூரணத்துக்குக் கோபம் அதிகமானது.

"சக்கரம் வெச்ச வீட்டுல பெத்தா, நாளைக்கு நம்ம புள்ளைங்க எந்த இடத்துல பொறந்தோம்னு கேட்குங்க. நான் எதைக் காட்டுவேன்?"

"அதுக்கென்ன, வீட்டை உருட்டிக்கிட்டு வந்து காட்டலாம்."

பூரணம் கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். வீடுதான் மண்ணில் இல்லை, முறையாவது ஒழுங்காக நடக்க வேண்டும். கிரகப்பிரவேசம் வைத்துப் பசுவை முதலில் உள்ளே விட்டுவிட்டுத்தான் நான் உள்ளே காலெடுத்து வைப்பேன் என்றாள். இன்னொன்றும் சொன்னாள். முள்ளை விரித்தாலும் இடிக்காத அளவுக்குக் கதவு அகலமாக இருக்க வேண்டும். ஆமை கதவை அகலப்படுத்திக் கொடுத்தது. பின்வாசலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆமைக்கோ, வீடு என்றால் பின்னாலும் ஒரு வழி இருக்கும் என்ற எண்ணமே தோன்றியதில்லை.

கிரகப்பிரவேச நாளும் வந்தது. வீட்டைக் கொண்டுவந்து நிறுத்தியதும், வாசல் கிழக்கே பார்க்க வேண்டும் என்று சுவரில் இருந்த பல்லி சொன்னது. கிழக்கே திருப்பினார்கள். அதோடு விட்டிருக்கலாம். சடையனின் தங்கை செண்பகம் வந்து, அண்ணன் ராசிக்கு வடக்குதான் என்றாள். வடக்கே திருப்பினார்கள். சாப்பிட வந்த பெருச்சாளி மேஸ்திரி, மேற்கே வைத்தால் மழைச்சாரல் அடிக்காது என்றார். மேற்கே திருப்பினார்கள். மண் வீடாக இருந்தால் இத்தனை பேருடைய பேச்சையும் காதில் வாங்காமல் விட்டுவிடலாம். உருளும் வீட்டில் அந்த வசதி கிடையாது. திருப்ப முடியும்போது திருப்ப மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? இப்படி அந்த வீடு பதினோரு சுற்றுச் சுற்றியது. பார்த்துக்கொண்டிருந்த பல்லி தலை சுற்றி, பாயசத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. பாயசத்துக்குள் விழவில்லை என்பதால் நல்ல சகுனம் என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

நல்ல நேரம் முடிவதற்குள் பசுவைக் கூப்பிட்டார்கள். கோமளம் என்ற அந்தப் பசுவுக்கு இதுதான் தொழில். நெற்றியில் பொட்டும் கழுத்தில் மாலையுமாக வந்து, வலது காலை எடுத்து வைத்து, அகலமான கதவு வழியாக அழகாக உள்ளே போனாள். அங்கே பூரணத்தின் பிரசவத்துக்காக வைக்கோல் பரப்பியிருந்தது. ஜன்னலில் காற்று வந்தது. கோமளம் பின்வாசலைத் தேடினாள். இல்லை. திரும்பிப் பார்த்தாள். திரும்ப இடமும் இல்லை. வைக்கோலில் ஒரு வாய் தின்றுவிட்டு, நான்கு காலையும் மடக்கி உட்கார்ந்தாள்.

வெளியே நின்றவர்கள் நல்ல நேரம் தாண்டும்வரை காத்திருந்தார்கள். பசு உள்ளே போகும்போதே வீட்டுப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொக்கு எழுத்தர் வந்திருந்தார். சாப்பாட்டு வாசம் அலுவலகம்வரை போயிருந்தது. வந்தது வந்தார், வீட்டைப் பதிந்து கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று சடையன் கேட்டுக்கொண்டான். கொக்கு ஒற்றைக் காலில் நின்று எழுத ஆரம்பித்தார். பெயர் என்ற இடத்தில் கோமளம் என்று எழுதினார். எழுதிய முள்ளும் சடையனுடையதுதான், போன வருஷம் அவனே விற்றது.

சடையன் பதறிப்போய், வாங்கியது நாங்கள் ஐயா என்றான். கொக்கு கோபப்படவில்லை. விளக்கமாகவே சொன்னார்.

"மண்ணோட சேர்ந்த வீடுன்னா மண்ணு யாருதோ வீடு அவருது. மண்ணு இல்லாத வீட்டுக்கு எங்ககிட்ட ஒரே விதிதான். முதல்ல யாரு உள்ள போனாங்களோ, அவங்க பேரு. குயில் முட்டைத் தகராறுல போட்ட விதி. நான் என் கண்ணால பார்த்தேன். அம்மா வலது காலை வெச்சுத்தான் போனாங்க."

விதியில் வாங்கியவர் என்ற சொல்லே இல்லையா என்று சடையன் கேட்டான். இல்லை, அந்தக் காலத்தில் கூட்டை யாரும் வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டுக் கொக்கு முத்திரை குத்தினார். பெருச்சாளி மேஸ்திரி தலையைக் குனிந்து சாப்பிட்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

எல்லோரும் பசுவை இறங்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். செண்பகம் அகத்திக்கீரைக் கட்டை வாசலில் நீட்டிப் பார்த்தாள். கோமளம் அதைத் தின்றாள். எழுந்திருக்கவில்லை. பிறகு பேசினாள்.

"இந்தக் காட்டுல முப்பத்தேழு வீட்டுக்குள்ள முதல்ல போனவ நான். பொட்டு வெப்பாங்க, மாலை போடுவாங்க, விழுந்து கும்பிடுவாங்க. அப்புறம் பின்வாசல் வழியா அனுப்பிச்சுடுவாங்க. உக்காருன்னு ஒருத்தர் சொன்னதில்லை. இங்க பின்வாசல் இல்லை. அதான் உக்காந்துட்டேன்."

அந்த நேரத்தில் பூரணத்தின் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. மழை அந்த வருஷம் ஒன்பது நாள் முன்னதாகவே வந்துவிட்டது. பாறை இடுக்கில் மாப்பிள்ளை உடும்பு குடியேறியாகிவிட்டது. முள் பெட்டியில் பிரசவத்துக்கு ஒதுக்கியது போக ஒன்றும் இல்லை. பூரணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.

"அக்கா, எனக்கு நாள் நெருங்கிடுச்சு. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

கோமளம் தள்ளி உட்கார்ந்தாள். அவளை இதுவரை யாரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. வாடகை மட்டும் கறாராகப் பேசினாள். தினமும் இரண்டு வேளை முதுகு சொறிந்துவிட வேண்டும். முதுகு சொறிய முள்ளம்பன்றியைவிடத் தோதான குடித்தனக்காரர் காட்டில் உண்டா? சடையன் பின்பக்கமாக நடந்து போய் வேலையை ஆரம்பித்தான். கோமளம் கண்ணை மூடிக்கொண்டு, எட்டு வீடு தாண்டிக் கேட்கும்படி பெருமூச்சு விட்டாள்.

பத்தாம் நாள் இரண்டு குட்டிகள் பிறந்தன. பசுவின் வயிற்றுச் சூட்டில், ஒரு சொட்டு ஈரம் படாமல் பிறந்தன. மண் வீட்டுக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு பெருச்சாளி மேஸ்திரியின் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்கள். மற்ற உருளும் வீடுகள் சரிவில் இறங்கி ஓடையைத் தேடிப் போய்விட்டன. பசு உட்கார்ந்த வீடு மட்டும் அசையவில்லை.

ஒரு நாள் கூரையில் ஓரிடம் ஒழுகியது. பூரணம் பழக்கதோஷத்தில் பதறி எழுந்தாள். ஓடைக்கரைக்குப் பாதி வழி போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

"அக்கா, உங்க வீடு ஒழுகுது."

அன்று முழுவதும் கோமளம் அசைபோடவில்லை. அடுத்த வாரம் ஒரு சக்கரம் சேற்றில் இறங்கியது, அதற்கு ஆள் பிடிக்கவும் அவளே பின்னால் நடந்து இறங்கி அலைந்தாள். வீட்டு வரி, சக்கர வரி, நிற்பதற்கான வரி என்று கொக்கு கொண்டுவந்த காகிதமெல்லாம் அவள் பெயருக்கே வந்தது. கோமளத்துக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. பூரணத்துக்குக் கன்னத்தில் சதை போட்டது. கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக அவள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குறட்டை விட்டாள்.

தை மாதம் செண்பகம் குட்டிகளைப் பார்க்க வந்தாள். அவளும் வீடு வாங்கப் போகிறாளாம். கையில் இருப்பது கொஞ்சம்தான், மண் வீடு நல்லதா, உருளும் வீடு நல்லதா, எனக்கு ஒன்றும் புரியவில்லை அண்ணி என்று கேட்டாள். பூரணம் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"எதை வேணா வாங்கு, செண்பகம். பின்வாசல் மட்டும் வெச்சுடாதே."

உள்ளேயிருந்து கோமளம், பூரணம், அந்த மூலையில் பலகை ஏதோ முனகுகிற மாதிரி உனக்குக் கேட்டதா என்று கவலையோடு விசாரித்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே அக்கா என்று சொல்லிவிட்டு, பூரணம் குட்டிகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தாள்.

நீதி: மண் வீடோ உருளும் வீடோ, கைக்கு அடக்கமானதை வாங்கலாம், கவலையை மட்டும் பசுவின் பெயரில் பதிந்துவிட வேண்டும்.