அந்தோணியாரை அமுக்கியவன்

எனக்கு நன்றாகக் கார் ஓட்டத் தெரியும் என்று நம்பிய ஒரே ஆள் நான்தான். அந்த நம்பிக்கை எப்படிப் போனது என்பதை இனியும் மறைத்துப் பயனில்லை. வீட்டில் ஊருக்கே சொல்லிவிட்டார்கள்.

செல்போனில் கேமரா வந்த புதிது. திண்டுக்கல்லில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரர், சென்னையில் யாரோ விற்ற பெரிய வெளிநாட்டுக் காரை வாங்கி வந்தார். வண்டி வழுக்கினால் தானே இழுத்துப் பிடிக்கும் கருவி அதில் உண்டு என்றார். எங்கே என்று கேட்டால், "உள்ள இருக்குடா" என்பார். (அவருக்கும் தெரியாது.)

சர்ச் சாமியாரிடம் மந்திரித்துக் கொண்டுவந்த அன்றே அம்மா ஒரு குறை கண்டுபிடித்தாள். முன்னால் இருந்த பட்டன் ஒன்றில், கார் கோணல்மாணலாகத் தடம் போட்டு வழுக்குகிற படம்.

"காருக்குள்ளயே கார் சாயுற படத்த வைப்பாய்ங்களா? அபசகுனம்டா."

அதை மறைத்து அந்தோணியார் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாள். அன்றிலிருந்து வண்டியைக் கிளப்பியதும் அந்தோணியாரைத் தொட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வது வழக்கமானது. மச்சான் பட்டும் படாமல் தொடுவார். நான் பக்திமான், அழுத்தித்தான் தொடுவேன். உடனே மீட்டருக்குள் மஞ்சள் முக்கோணம் ஒன்று எரியும். பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூன்றும் சேர்ந்த திரித்துவம் என்று அம்மா கண்ணில் ஒற்றிக்கொள்வாள். (முக்கோணத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி இருந்தது. அதையும் அருள் என்றே எடுத்துக்கொண்டோம்.) மச்சானுக்கு எரியாத விளக்கு எனக்கு எரிகிறதே என்று உள்ளூரக் கர்வம் வேறு.

அந்தக் காரில்தான் அம்மாவோடு நத்தத்துக்குப் பெண் பார்க்கப் போனேன். அதற்கு முன் மூன்று இடங்களில் என்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஸ்டெல்லாவைப் பார்த்ததும், இந்த இடம் மட்டும் தவறிவிடக் கூடாது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவளுடைய அப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரை அசத்தினால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

காபி முடிந்ததும் அவர், "மாந்தோப்ப ஒரு எட்டு பாத்துட்டு வருவமா தம்பி?" என்றார். கார்லயே போவோம் என்று நான் எழுந்துவிட்டேன். அவர் முன்னால், அம்மாவும் ஸ்டெல்லாவும் பின்னால். மழை அப்போதுதான் விட்டிருந்தது. அந்தோணியாரை அன்று வழக்கத்தைவிட அழுத்தினேன். முக்கோணம் எரிந்தது.

"மெதுவா போங்க தம்பி. வளைவுல செம்மண்ணு வடிஞ்சு கெடக்கும்."

"பயப்படாதீங்க மாமா. இது வழுக்காத கார்." (பெண் கிடைக்கும் முன்பே மாமா.)

வளைவில் திருப்பினேன். முன்பக்கம் திரும்பியது. பின்பக்கம் அதைவிட வேகமாகத் திரும்பியது. முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, கடலைக் காட்டுக்குள் இறங்கி நின்றோம். யாருக்கும் காயமில்லை.

அவர் அமைதியாகக் கேட்டார். "அது என்ன மஞ்ச லைட்டு?"

"திரித்துவம்ண்ணே" என்றாள் அம்மா.

அவர் அந்தோணியாரைப் பயபக்தியோடு உரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கீழே இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு முன் பெட்டியிலிருந்த கார் புத்தகத்தை எடுத்து மகளிடம் நீட்டினார். அவள் புரட்டிப் படித்தாள்.

"வழுக்குற ரோட்டுல வண்டிய நேரா பிடிக்கிற கருவி எப்பவும் வேலை செய்யுமாம். இந்தப் பட்டன அமுக்குனா அது நின்னுருமாம், மஞ்ச லைட்டு எரியுமாம். வண்டிய அணைச்சுட்டு மறுபடி எடுத்தா தானா வந்துருமாம்."

அதாவது ஒவ்வொரு முறையும் அது தானாக உயிர் பெற்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் நான் சிலுவை போட்டு அதைக் கொன்றிருக்கிறேன்.

"தப்பு என்னுதுதான்" என்றேன்.

வண்டியை அணைத்து மறுபடி கிளப்பினேன். சேற்றில் சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றி அடங்கியது. மூன்று முறையும் அதே கதை. ஸ்டெல்லா பக்கத்தைத் திருப்பினாள்.

"சேத்துல மாட்டிக்கிட்டா மட்டும் அமுக்கணுமாம். அப்பத்தான் சக்கரம் நல்லா சுத்துமாம்."

"வேணாங்க. அத நான் இனி தொடவே மாட்டேன்." இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"புக்குல போட்டிருக்குங்க."

"இருக்கட்டுங்க."

அவள் இறங்கி வந்து என் பக்கக் கதவைத் திறந்தாள். "செத்த இறங்குறீங்களா?"

இறங்கியவன் சும்மா இருந்திருக்கலாம். தள்ளுகிறேன் என்று பின்னால் போய் நின்றேன். அவள் பட்டனை அமுக்கி, நிதானமாக வண்டியை மேலே ஏற்றிவிட்டாள். காட்டுச் சேறு மொத்தமும் என் வெள்ளைச் சட்டைக்கு ஏறியது. தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி அமுக்கினாள், விளக்கு அணைந்தது. வீடு வரை அவள்தான் ஓட்டினாள். நான் பின்சீட்டில் பேப்பர் விரித்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நாலாவது இடமும் போச்சு என்று அம்மா திண்டுக்கல் வரும்வரை புலம்பினாள். எனக்கும் அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கத்தான் சட்டையில் சுத்தமான இடம் இல்லை.

மறுநாள் சம்மதம் என்று தகவல் வந்தது. "படிச்சுக் காட்டுனதும் தப்புன்னு ஒத்துக்கிட்டாருப்பா. நம்ம வீட்டு ஆம்பளைங்கள்ல யாரு ஒத்துக்கிட்டிருக்கீங்க?" என்று அவள் கேட்டாளாம்.

நத்தம் மாதா கோயிலில் மூன்று ஞாயிறு எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். மூன்றாவது ஞாயிறு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கலாம் என்று சாமியார் சொல்லி முடிக்கும் முன் மாமா எழுந்து நின்றார்.

"தடை ஒண்ணும் இல்ல சாமி. கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ள கார் ஓட்டக் கூடாது. அதையும் சேத்து வாசிச்சிருங்க."

சாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அதையும் வாசித்தார். இன்றுவரை எங்கள் சொந்தத்தில் யாருக்கு ஓலை வாசித்தாலும், 'தடை' என்ற சொல் வந்ததும் நாலு பெஞ்சு மொத்தமாக என்னைத் திரும்பிப் பார்க்கிறது.