டட்டில்பிகள் முப்பத்தேழு வீடு

லௌத், லிங்கன்ஷையர்
20 பிப்ரவரி 1984, திங்கட்கிழமை

அன்புள்ள ஐவி அக்காவுக்கு,

தம்பி கிளெமென்ட் மரியாதையோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். மேவிஸும் நலம், இடது முழங்கால் நீங்கலாக. அதைப் பற்றி அவளே உனக்குத் தனியாக எழுதுவாள். கோழிகள் ஐந்தும் ஒழுங்காக முட்டையிடுகின்றன. க்ளீதோர்ப்ஸில் உன் நெஞ்சுச் சளி குறைந்திருக்கும் என்றும், மாடி வீட்டுக்காரர் டிரம்பெட் பழகுவதை நிறுத்தியிருப்பார் என்றும் நம்புகிறேன்.

அக்கா, நின்றுகொண்டு இதைப் படிக்காதே, உட்கார். யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. சொல்லப்போனால் விஷயமே அதுதான், செத்துவிட்டதாக நாம் நினைத்த நேரத்தில் ஒருவர் சாகவில்லை. வரிசைப்படி சொல்கிறேன். நாற்பத்தோரு வருடம் ரயில்வே சிக்னல் கேபினில் இருந்தவனுக்கு வரிசை மாற்றிச் சொல்ல வராது.

ரிடையர் ஆன முதல் மாதம் நான் வீட்டிலேயே இருந்தேன். மேவிஸ் கெட்டில் வைத்தால் எத்தனை மணிக்கு வைத்தாள் என்று நோட்டில் குறித்துக்கொள்வேன், அது பழக்கதோஷம். நான்காவது வாரம் அவள், "ஏங்க, இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்த நோட்டு இருக்கணும். போய் ஏதாவது ஆராய்ச்சி பண்ணுங்க, வெளில" என்று சொல்லிவிட்டாள். சரி என்று நூலகத்துக்குப் போனேன். அங்கே நாடு முழுவதற்குமான டெலிபோன் டைரக்டரிகள் வரிசையாக இருந்தன. சும்மா இருப்பானேன் என்று நம் பெயரைத் தேட ஆரம்பித்தேன், ஏழு வாரம் போயிற்று. இத்தனை கோடி ஜனங்களில் டட்டில்பி என்று பெயருள்ள வீடுகள் முப்பத்தேழுதான் அக்கா. நம் லிங்கன்ஷையரில் இருபத்திரண்டு, ஹல் பக்கம் ஒன்பது, நார்ஃபோக்கில் நான்கு, ஸ்காட்லாந்தில் ஒரு பல் டாக்டர், கார்ன்வாலின் கடைசி முனையில் நியூலின் என்ற மீன்பிடித் துறைமுகத்தில் ஒன்று. பின்னறைச் சுவரில் பெரிய மேப்பை மாட்டி, வீட்டுக்கு ஒன்றாக மேவிஸின் தையல் ஊசிகளைக் குத்தினேன். பூராவும் கிழக்குக் கரையை ஒட்டியே நின்றன. தென்மேற்கில் அந்த ஒரு ஊசி மட்டும் தனியாக, வண்டியைத் தவறவிட்டவன் மாதிரி நின்றது. "இது என்ன, கை தவறிக் குத்திட்டீங்களா?" என்று மேவிஸே கேட்டாள்.

பெயரின் சரித்திரமும் ஓரளவு பிடிபட்டது. இந்தப் பக்கத்தில் 'பி' என்று முடிகிற ஊர்களெல்லாம் டேன்காரர்கள், அதாவது டென்மார்க் வைக்கிங்குகள், படகில் வந்து இறங்கி வைத்த பெயர்கள், பி என்றால் அவர்கள் பாஷையில் குடியிருப்பு. டட் என்ற ஒருவன் குடியிருந்த இடம் டட்டில்பி கிராமம், அங்கிருந்து கிளம்பியவர்களுக்கு அதுவே பெயர். கிராமத்துச் சர்ச் பதிவேட்டில் 1574-லேயே ஒரு தாமஸ் டட்டில்பியை மாட்டுத் தகராறில் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பாவும் எப்போது கேட்டாலும் "நான் டட்டில்பிக்காரன்" என்றுதானே சொல்வார். ஆக நாம் வைக்கிங் வம்சம் என்று முடிவு செய்து, எல்லா வீட்டுக்கும் சுற்றறிக்கை அனுப்பினேன். உங்கள் தகப்பனார் பெயர், தொழில், பிறந்த ஊர், புகைப்படம் இருந்தால் ஒரு பிரதி.

பதில்கள் வந்தன. பல் டாக்டர் தன் கட்டண விவரத்தை அனுப்பினார். லிங்கன் நகரத்து மேஜர் டட்டில்பி, தன் குடும்பம் நார்மன் பிரபுக்கள் வழி என்றும், மீன் நாற்றமடிக்கும் கிரிம்ஸ்பி டட்டில்பிகளோடு, அதாவது நம்மோடு, தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்றும் எழுதினார். எனக்கு வந்ததே கோபம். பதிவேட்டு நகல்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி அவர் வீட்டுக்கே போனேன். தண்ணீராக ஒரு டீ கொடுத்தார். அவருடைய நாய் என் மேல்கோட்டின் ஒரு பக்கத்தைத் தின்றது. "மிஸ்டர் கிளெமென்ட், பேர் ஒண்ணா இருந்தா ரத்தம் ஒண்ணாயிடுமா?" என்றார். "முப்பத்தேழு வீடு, ஒரே ஊரு, வேற எங்கேருந்து வரும் ஐயா?" என்றேன். ஒவ்வொரு தாளாக எடுத்துப் போட்டேன், நாய் ஒவ்வொன்றாக முகர்ந்தது. இரண்டரை மணி நேரம் கழித்து, "தூரத்து உறவுன்னு வெச்சுக்கலாம், ரொம்பத் தூரத்துல" என்று இறங்கி வந்தார். அந்தச் சூட்டோடு டட்டில்பி சங்கம் தொடங்கியாகிவிட்டது. நான் தலைவர், மேஜர் உபதலைவர். வரும் மார்ச் பத்தாம் தேதி மெதடிஸ்ட் ஹாலில் முதல் கூட்டம், முப்பத்தொரு பேர் வருகிறார்கள், உலர்திராட்சை ரொட்டிக்குச் சொல்லியாகிவிட்டது. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். போனில் நீ, "செத்தவங்களைத் தோண்டாம உனக்கு வேற பொழுதுபோக்கே கிடைக்கலையாடா?" என்று கேட்டாய்.

இனி உனக்குத் தெரியாதது. ஜனவரி கடைசியில் நியூலினிலிருந்து ஒரு உறை வந்தது. கடிதத்தின் அடியில் கையெழுத்து 'ஐவி டட்டில்பி'. நீதான் யாரையோ விட்டு அங்கிருந்து தபாலில் போடச் சொல்லி விளையாடுகிறாய் என்று முதலில் சிரித்தேன். தகப்பனார் பெயர் ஆம்புரோஸ், தொழில் மீன்பிடித்தல், பிறந்த ஊர் டட்டில்பி, காலமானது 1961 என்று எழுதியிருந்தது. உறைக்குள் ஒரு புகைப்படம். படகுத்துறையில் பீப்பாய் மேல் நரைத்த கிழவர் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருக்கிறார். இடது காதின் நுனி இல்லை. கப்பலில் வடம் அறுத்த நம் அப்பாவின் காதுதான் அக்கா, 1931-லேயே கடல் கொண்டுபோனதாக நாம் நம்பிய அப்பா. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த முட்டையை அப்படியே வைத்துவிட்டேன். மேவிஸ் படத்தை வாங்கிப் பார்த்தாள், நம் கூடத்து அலமாரியில் இருக்கும் அப்பாவின் கல்யாணப் படத்தைப் பார்த்தாள், திரும்ப இதைப் பார்த்தாள். "முட்டை ஆறுது, சாப்பிடுங்க. அப்புறம் யோசிக்கலாம்" என்றாள். ஆறித்தான் போயிற்று.

அந்த நியூலின் ஐவிக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் பதினோரு தாள் கிழித்தேன். கடைசியில், 'தங்கள் தகப்பனாரும் எங்கள் தகப்பனாரும் ஒருவராக இருக்க வாய்ப்பு உள்ளது, பதில் போடவும்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன். சிக்னல் கேபினில் அப்படித்தான் எழுதுவோம். பதில் வரவில்லை. போன வியாழக்கிழமை அவளே வந்துவிட்டாள். ஐம்பது வயது, உயரம், ஆண்கள் போடும் எண்ணெய்த்துணிக் கோட்டு, கையில் ஒரு டின் நிறைய குங்குமப்பூ பன். வாசலில் நின்றபடியே, "எங்க அப்பாவுக்கு எங்களுக்கு முன்னாடி குடும்பம்னு எதுவும் கிடையாது. அதை நேர்ல சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். அடுத்த ரயில் எத்தனை மணிக்கு?" என்றாள். பதினாலு ஆண்டுகளாக லௌத்துக்கு ரயிலே கிடையாது என்றேன். பஸ்ஸில் வந்தவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மேவிஸ் நொண்டிக்கொண்டே வந்து டின்னை வாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டாள். அப்புறம் அவள் எப்படிப் போவாள்?

கல்யாணப் படத்தைக் கையில் கொடுத்தேன். அப்பா, அம்மா, 1914. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் நம் வீட்டுப் பாத்திரங்களைத் துலக்க ஆரம்பித்தாள், கழுவிய பாத்திரங்களையும் சேர்த்து. முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"உங்களுக்குக் கூடப் பிறந்தவங்க உண்டா?"

"ஒரு அக்கா."

"பேரு?"

நான் மேவிஸைப் பார்த்தேன். மேவிஸ் கூரையைப் பார்த்தாள். "ஐவி" என்றேன்.

குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். "அப்போ தினம் சாயங்காலம் துறையில நின்னு சத்தம் போட்டுக் கூப்பிடுவாரே, அது என்னையா, அவங்களையா?"

மேவிஸ்தான், "ரெண்டு பேரையும்தான் கூப்பிட்டிருப்பாரு, நீ பக்கத்துல இருந்ததால நீ போயிருக்கே" என்றாள். அதற்கு அவள் அழுதாள், பிறகு ஒரு பன் தின்றாள்.

அவள் அம்மா சொல்லிக் கேட்டதாக அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். 1931 மார்ச்சில் புயலுக்கு ஒதுங்கி ஒரு கிரிம்ஸ்பி கப்பல் நியூலினுக்குள் வந்தது. ஒருவர் புகையிலை வாங்க இறங்கினார். அவர் திரும்பி வருவதற்குள் கப்பல் போய்விட்டது, அல்லது கப்பல் போகும்வரை அவர் திரும்பவில்லை. அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று நம்மிடம் வந்து சொன்ன கேப்டன் செத்து முப்பது வருடம் ஆகிறது. ஓடிப்போனான் என்று அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை போலும், நல்ல மனுஷன். பென்சான்ஸ் ஸ்டேஷன் நியூலினிலிருந்து நடக்கும் தூரம்தான். அங்கிருந்து தினமும் வண்டி உண்டு, இரண்டு இடத்தில் மாறினால் கிரிம்ஸ்பி. நான் ரயில்வேக்காரன், பழைய அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். முப்பது வருடத்தில் எத்தனை வண்டி என்று கூட்ட ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

அம்மா சாகும்வரை கறுப்பே உடுத்தினாள். நீ ஐம்பத்து மூன்று வருடமாக மார்ச் மூன்றாம் தேதி க்ளீதோர்ப்ஸ் துறைப்பாலத்திலிருந்து கடலில் மலர்வளையம் போடுகிறாய். போன வருடம் காற்று அதைத் திருப்பி உன் முகத்திலேயே அடித்ததை நான் மேவிஸிடம் சிரித்துக்கொண்டு சொன்னேன், மன்னித்துக்கொள். இந்த வருடம் போட வேண்டாம் அக்கா. அவர் கடலில் இல்லை. நியூலின் மேட்டு மேல் சேப்பல் கல்லறைத் தோட்டத்தில், மேல்வரிசையில் மூன்றாவதாக இருக்கிறார். பெயர் சரியாகப் பொறித்திருக்கிறதாம், இரண்டு 'ட்'டோடு.

உனக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. சனிக்கிழமை முழுக்கக் கோழிகளோடு மட்டும்தான் பேசினேன். ஆனால் கோபத்தை இவள் மேல் காட்டாதே. இவளுக்கும் ஒரு அப்பாதான் இருந்தார், அவரும் பாதிதான் என்று போன வாரம்தான் தெரிந்திருக்கிறது. ஊர் திரும்புகிறேன் என்று தினமும் சொல்கிறாள், தினமும் ஏதாவது ஒரு வேலையை ஆரம்பித்துவிடுகிறாள். கோழிக்கூட்டுக் கதவு இப்போது சாத்துகிறது. வாசல் கேட் கிறீச்சிடுவதில்லை. நாற்பது வருடமாக நான் செய்கிறேன் செய்கிறேன் என்று சொன்னதையெல்லாம் நாலு நாளில் செய்துவிட்டதால், மேவிஸ் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். உன்னைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கிறாள். கொஞ்சம் முன்கோபி என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். "நானும்தான்" என்றாள்.

சங்கத்தை நினைத்தால்தான் கவலை. முப்பத்தொரு பேர் முன்னால் நம் வம்ச மரத்தை விரித்துக் காட்டியாக வேண்டும். அப்பாவுக்குக் கீழே இரண்டு பக்கமும் கோடு போட்டால் மேஜர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார். ஆனாலும் போடுவதென்று தீர்மானித்துவிட்டேன். 1574-லிருந்து ஒரே ரத்தமாக வந்த வம்சத்தில் இதைப்போல முன்பும் நடந்திருக்கும், எழுதி வைக்க எவனுக்கும் தைரியம் இருந்திருக்காது. நீ வா அக்கா. கூட்டத்துக்கு முன்னாலேயே வா. கத்துவதானால் என்னிடம் கத்து.

மேவிஸ் தன் அன்பையும், நீ விட்டுப்போன குடையை இன்னும் பத்திரமாக வைத்திருப்பதையும் தெரிவிக்கச் சொன்னாள். கடவுள் உன் சளி நெஞ்சையும் என் நெஞ்சையும் காப்பாற்றட்டும்.

உன் பாசமுள்ள தம்பி,
கிளெமென்ட் டட்டில்பி
(தலைவர், டட்டில்பி சங்கம்)

பின்குறிப்பு, செவ்வாய்க்கிழமை: உறையை ஒட்டுவதற்குள் தபால்காரர் வந்துவிட்டார். அப்பாவின் பிறப்புப் பதிவைக் கேட்டு நவம்பரில் எழுதிப் போட்டிருந்தேன், பதில் இன்றுதான். பிறப்புப் பதிவு இல்லையாம். பழைய ஏழைகள் விடுதியின் சேர்க்கைப் புத்தகத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். '9 ஜூன் 1893, ஆண் குழந்தை, வயது சுமார் மூன்று வாரம், டட்டில்பி ரயில் நிலையத்தின் இரண்டாம் பிளாட்பாரத்தில் மீன் கூடையில் கண்டெடுக்கப்பட்டது. கொண்டுவந்த போர்ட்டர் பெயர் ஆம்புரோஸ். குழந்தைக்கு ஆம்புரோஸ் டட்டில்பி என்று பெயர் எழுதப்பட்டது.' பதினாலு வயதில் அங்கிருந்துதான் கிரிம்ஸ்பிக் கப்பலுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஆக, மேலே எழுதிய வைக்கிங், தாமஸ், மாட்டுத் தகராறு எதுவும் நமக்குச் சேர்ந்ததில்லை. நம் பெயருக்கு வயது தொண்ணூறு. மேஜர் சொன்னது சரி, ஆனால் அதை அவரிடம் நீ சொல்லக் கூடாது, நானும் சொல்லப் போவதில்லை. ஹாலுக்கும் ரொட்டிக்கும் சொல்லியாகிவிட்டது. மேவிஸ், "அப்போ நாப்பது வருஷமா நான் ஒரு ஸ்டேஷன் பேரையா வெச்சுக்கிட்டிருக்கேன்? கல்யாணத்தன்னிக்கே சொல்லியிருந்தா போர்டு மாட்டிக்கிட்டிருப்பேனே" என்று கேட்டுவிட்டுப் போனாள். நியூலின் ஐவி அந்தத் தாளை மூன்று தரம் படித்தாள். "மூணு வாரக் குழந்தை. அவரையும் ஒருத்தங்க விட்டுட்டுப் போயிருக்காங்க" என்றாள். சனிக்கிழமை இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன், முழுசாகக் கிடைக்கவில்லை.

அந்த ஸ்டேஷனை மூடி வெகுகாலம் ஆகிறது, இப்போது பன்றிப் பண்ணை. ஆனால் இரண்டாம் பிளாட்பாரம் அப்படியே இருக்கிறதாம், பண்ணைக்காரரிடம் போனில் கேட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக் காரில் போகிறோம். பத்து மணிக்கு உன் வாசலில் ஹாரன் அடிப்பேன். முன்சீட்டு உனக்கு. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நில்.