மதர்போர்டு வதைப் படலம்

வாழ்க, திருப்புளி ஏந்திய திண்தோளர்! வாழ்க, வீட்டாரை வியர்வையில் வேகவைத்து வெற்றி தேடிய வெம்மைப் பெருவேந்தர்! மனைவியின் அண்ணன் நடத்தும் கணினிக் கடைக்கு வந்திறங்கும் மதர்போர்டுகளை வதைத்து, அவை தாங்குமா தாங்காதா என்று தீர்ப்புரைக்கும் திருப்பணி அவருடையது. அவர் 'உறுதி' என்று நற்சான்று தந்தவற்றுள் இரண்டு, வாங்கியவர் வீட்டிலேயே புகைந்து அவிந்தன. இன்னொன்றும் பொய்த்தால் கடையின் பின்கட்டில் பிரிண்டருக்கு மை நிரப்பும் மேசைதான் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

ஆகவே, சாப்பாட்டு மேசை களமாயிற்று. அட்டைப்பெட்டியின்மேல் கிடந்த கருமேனி மதர்போர்டை ஏற இறங்கப் பார்த்து, எள்ளி நகைத்து, செட்டப் எனும் அமைப்புத் திரைக்குள் புகுந்து, செய்தவன் வகுத்த எல்லையெல்லாம் தாண்டி வேகத்தை விண்ணுக்கு உயர்த்தினார் வேந்தர். வெளியேறும் வாயிலில் திரை ஏதோ ஒரு சின்னக் கேள்வி கேட்டது. இவ்வளவு பெரிய வீரர் நின்று படித்துப் பதில் சொல்வாரா என்ன? ஒரு விசையை அழுத்தி அதை விரட்டிவிட்டார்.

தொடங்கியது சோதனை. காற்று பட்டால் வெம்மை குறையும், ஆகவே மின்விசிறி சுழலலாகாது. மின்சாரம் தளரும், ஆகவே மிக்ஸி முழங்கலாகாது. மேசை அதிரும், ஆகவே யாரும் அருகே நடத்தலும் ஆகாது என்று ஆணைகள் பறந்தன.

"ஃபேனையாவது போடுங்களேன், உயிர் போகுது," என்றாள் மனைவி, முந்தானையால் விசிறியபடி.

"சோதனை நடக்குது. பேசாம இரு," என்று முழங்கினார் வேந்தர்.

காலை கழிந்தது, நண்பகல் சாய்ந்தது. மதர்போர்டோ திணறவில்லை, திகைக்கவில்லை. வேந்தர் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. மூளையுள்ள எவருக்கும் அங்கே சந்தேகம் முளைத்திருக்கும். நம்மவருக்கு மார்புதான் விரிந்தது.

மாலையில் அண்ணன் வந்தார். வேந்தர் எழுந்து நின்று பிரகடனம் செய்தார்: "இது போர்டு இல்ல மச்சான், பாறை! கண்ணை மூடிக்கிட்டு கடைக்கு மொத்தமா வாங்குங்க."

அண்ணன் கண்ணை மூடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையின் மூலையைப் பார்த்தார். "மாப்பிள்ளை, இது சாதாரண வேகத்துல ஓடுது. மாத்தினதை சேமிக்கவான்னு கேட்டிருக்குமே. வேண்டாம்னு அமுக்கிட்டீங்களா?"

அண்ணன் அதே வேகத்தை மீண்டும் ஏற்றி, கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தந்து, சோதனையைத் தொடக்கினார். நாளெல்லாம் வெந்துகிடந்த மனைவி எழுந்து விசிறியின் சுவிட்சைத் தொடுமுன் திரை நீலமாகி, மாமலை நிகர் மதர்போர்டு மூர்ச்சையாகி, ஒரு பகல் முழுதும் வாளே உருவாமல் வாகை சூடிய பெருமான் முகம் வெளிறி அமர்ந்தார்.

மறுநாள் காலை அவர் பிரிண்டருக்கு மை நிரப்பினார்.