விற்ற காருக்கு விடாத பாலிசி

என் மரியாதைக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய அக்கா அவர்களுக்கு,

உன் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம் என்று எழுதினால் அது பொய். நலமில்லை என்று எழுதினால் நாளைக் காலையில் பையும் கையுமாக வாசலில் வந்து நிற்பாய். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு மாதிரி இருக்கிறேன் என்று வைத்துக்கொள். நீயும் அத்தானும் அத்தானின் முழங்காலும் சௌக்கியம் என்று நம்புகிறேன். போன வாரம் நீ போனில், "ஏண்டா, வித்துட்ட காருக்குப் போய் இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கியாமே, நெசமா?" என்று கேட்டதும், லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் சரியில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே சிரிக்க ஆரம்பிப்பாய், அத்தானையும் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடுவாய். கடிதமென்றால் நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்காது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

காரை விற்றுப் பதினோரு மாதம் ஆகிறது. பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை, அதனால் விற்றேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். அது பொய். ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு கேட் திறந்திருக்கிறது என்று நினைத்து வண்டியை உள்ளே விட்டேன். கேட் அப்படி நினைக்கவில்லை. கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது, சீக்கிரம் எடுத்துவிட வேண்டும், அதுவரை ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்றார் கண் டாக்டர். நான் பெருமூச்சு விட்டு, "பாத்தியா, எல்லாம் புரையால வந்த வினை" என்று என் மனைவியிடம் சொன்னேன். "புரை ரெண்டு வருஷமாத்தானே இருக்கு? அதுக்கு முந்தி இடிச்சதெல்லாம் எதனால வந்த வினை?" என்றாள் அவள். இரண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி வைத்திருக்கும் கால்நடை டாக்டரம்மாவுக்கு வண்டியைக் கொடுத்தேன். பெயர் மாற்றம்வரை எல்லாவற்றையும் நானே கூட நின்று ஒழுங்காக முடித்தேன். அதோடு எனக்கும் அந்தக் காருக்கும் இருந்த உறவு முடிந்தது என்று எண்ணி நிம்மதியாக இருந்தேன். இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் கேட்டிருந்தால் அது வேறு மாதிரி சொல்லியிருக்கும்.

செய்தி வந்தபோது நான் சலூன் நாற்காலியில் பாதி முகம் நுரையோடு சாய்ந்திருந்தேன். மூக்குக்கண்ணாடி கையில் இல்லை. போன் இரண்டு தரம் கிணுகிணுத்தது. என்னவென்று பார்க்கச் சொல்லி முடிதிருத்துபவரிடம் நீட்டினேன். அவர் நல்ல மனிதர், ஆனால் குரல் பெரிது. "வாழ்த்துகள்னு போட்டிருக்கு சார்! உங்க கார் பாலிசி வெற்றிகரமா புதுப்பிக்கப்பட்டதாம்!" என்று அறிவித்தார். காத்திருந்த நான்கு பேரும் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்கள். ஒருவர், "புது வண்டியா சார்?" என்றார். "இல்ல, பழசு" என்றேன். "எந்த மாடல்?" என்றார். "இப்ப கையில இல்ல" என்றேன். "சர்வீசுக்கு விட்டிருக்கீங்களா?" என்றார். நுரை காய்ந்துகொண்டிருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அவர் என்னைத் தெருவில் கண்டால், வண்டி வந்துவிட்டதா என்று விசாரிக்கிறார். இரண்டாவது செய்தி பாங்கிலிருந்து வந்தது. அதில் வாழ்த்து எதுவும் இல்லை, எடுத்துவிட்டோம் என்று மட்டும் இருந்தது.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து பாலிசிக் காகிதத்தை எடுத்தேன். அக்கா, நான் பார்த்த வேலை உனக்குத் தெரியும். பாடநூல் அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் பிழை திருத்துபவன். என் பெயரையே மறந்து எல்லாரும் 'கமா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பதாம் வகுப்புப் புவியியலில் 'பசிபிக் பெருங்கடன்' என்று அச்சேற இருந்ததை மெஷின் ஓடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் பிடித்தவன். அப்பேர்ப்பட்ட நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நான்காம் பக்கத்தில், அடியில், எறும்பு ஊர்வதுபோல ஒரு வரி இருந்தது. வாடிக்கையாளர் மறுத்தாலன்றி இந்தப் பாலிசி ஆண்டுதோறும் தானாகவே புதுப்பிக்கப்படும். பக்கத்தில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் அவர்களே போட்டுவைத்த டிக். அதற்குக் கீழே என் கையெழுத்து, அழகாக, சுழியோடு.

இதுகூடப் பரவாயில்லை. இதற்கு மேல் உள்ளதை எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். 'புதுப்பிக்கப்படும்' என்பதை அவர்கள் 'புதுபிக்கப்படும்' என்று அச்சடித்திருந்தார்கள். விடுபட்ட 'ப்' அந்த இடத்தில் பென்சிலால் சேர்க்கப்பட்டு, ஓரத்தில் திருத்தக் குறியும் இருந்தது. போட்டது நான்தான். அன்றைக்கே அந்த வரியைப் பார்த்திருக்கிறேன், பிழையைத் திருத்தியிருக்கிறேன், 'இதைக்கூட ஒழுங்காக அச்சடிக்கத் தெரியவில்லையே' என்று தலையில் அடித்துக்கொண்டு, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என் மனைவி அதை வாங்கிப் பார்த்தாள். "எழுத்தப் படிச்சிருக்கீங்க. என்ன எழுதியிருக்குன்னு படிக்கல" என்றாள். முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொன்னதில்லை.

மறுநாள் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, திரும்பவும் ஒன்றை அழுத்து என்று ஒரு குரல் என்னை வீடு வீடாக அலையவிட்டது. கடைசியில் ஒரு பெண் வந்தாள். தேன் குரல். "உங்களுக்கு ஆட்டோ ரினியூவல் ஆயிருக்கு சார்" என்றாள்.

"அம்மா, நான் வச்சிருந்தது கார். ஆட்டோ இல்ல. எங்கயோ தப்பு நடந்திருக்கு" என்றேன் வெற்றியோடு.

அவள் மிகப் பொறுமையாக, "ஆட்டோன்னா தானா சார்" என்றாள்.

"தானான்னா? என்னக் கேக்காமயா?"

"கேட்டிருக்கோம் சார். மூணு மெயில் போட்டிருக்கோம்."

அந்த மெயில் என் மகன் எனக்காகத் திறந்து கொடுத்தது. அதன் கடவுச்சொல் அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கார் என்னிடம் இல்லை, விற்றுவிட்டேன், ரத்து செய்துவிடு தாயே என்றேன். அவள் குரல் தழுதழுத்தது. "எங்க சர்வீஸ்ல ஏதாவது குறையா சார்? எதனால எங்கள விட்டுப் போறீங்க?" அக்கா, இத்தனை வருடத்தில் என்னை இப்படி யாரும் கேட்டதில்லை. அச்சகத்தில் ஓய்வு பெற்ற அன்றுகூட சாவியை எங்கே வைத்தீர்கள் என்றுதான் கேட்டார்கள். "குறையெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றேன். "அப்ப இருக்கலாமே சார்" என்றாள். பத்து நிமிடம் கழித்துப் போனை வைத்தபோது, பாலிசி ரத்தாகவில்லை. அதோடு, கார் நடுவழியில் நின்றுபோனால் இழுத்துப்போக வண்டி வரும் வசதியையும் புதிதாகச் சேர்த்திருந்தேன். உரையாடலுக்கு மதிப்பெண் கேட்டார்கள். ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

அடுத்த தடவை ஏமாறக்கூடாது என்று பேச வேண்டியதைத் தாளில் எழுதி ஒத்திகை பார்த்தோம். என் மனைவி சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து டிவி ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டாள். "சொல்லுங்க சார்" என்றாள். கண்டிப்பான குரலில் படித்தேன். "ரத்து பண்ணுறதப் பத்தி வீட்டுல கலந்து பேசினீங்களா சார்?" என்றாள். "என் வீட்டுல நான் வச்சதுதான் சட்டம்" என்றேன். அது தாளில் இல்லாத வசனம். "அப்படியா சார்" என்று ரிமோட்டை மேசையில் வைத்தாள். ஒத்திகை அதோடு முடிந்தது. அன்று சாயங்கால டீயும் அதோடு முடிந்தது.

ஆகவே நேரிலேயே போனேன். கிளை அலுவலகம் மூன்றாவது மாடியில். டோக்கன் கொடுத்தார்கள். என் எண்ணைக் கூப்பிட்டபோது நான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன். இன்னொரு டோக்கன் வாங்கினேன். இந்த முறை அசையாமல் உட்கார்ந்திருந்தேன், ஆனால் வேறு கவுண்டருக்கு முன்னால். மூன்றாவது டோக்கனில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரியைப் பிடித்தேன். அவர் தலை நிமிராமலே, "வண்டிய வாங்கினவங்க அவங்க பேர்ல புதுசா பாலிசி எடுத்திருக்கணும். அதோட நகல் கொண்டாங்க. ரத்து பண்ணிடலாம்" என்றார். இவ்வளவுதானா என்று நேராக டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

என் கார் வாசலில் நின்றது. பின்சீட் முழுக்கக் கூண்டுகள். முன்சீட்டில் ஒரு பெரிய நாய் உட்கார்ந்து, நான்தான் வழி தவறி வந்தவன்போல என்னைப் பார்த்தது. டாக்டரம்மா கையில் கட்டுப்போட்ட பூனையோடு வெளியே வந்தார். "வாங்க சார்! உங்களுக்கு நேர்ல வந்து நன்றி சொல்லணும்னே இருந்தேன்" என்றார்.

"எதுக்கு டாக்டர்?"

"வண்டி நம்பரப் போட்டுப் பாத்தேன், அடுத்த வருஷம் வரைக்கும் இன்ஷூரன்ஸ் இருக்குன்னு காட்டுச்சு. நீங்களே கட்டியிருக்கீங்க. இந்தக் காலத்துல யார் சார் இப்படி இருக்கா?"

அக்கா, உண்மையைச் சொல்கிறேன். ஒரு நிமிடம் அந்தப் பெருமையை அப்படியே வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. அடக்கமாகச் சிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன். அதற்குள் அவர் முன்பக்க பம்பரைக் காட்டினார். புதுக் கீறல். "போன வாரம் திருப்பத்துல சைக்கிள்ல ஒரு பெரியவர் வந்துட்டார். நூலிழையில தப்பிச்சாரு. மடில பூனையும் இருந்துச்சு. சுவத்துல உரசித்தான் நிறுத்தினேன் சார்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பாலிசி என் பெயரில். வண்டி அவர் பெயரில். அந்தப் பெரியவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், என் காகிதம் யாருக்கும் உதவியிருக்காது. நான் ஏமாந்தது என்னோடு நிற்கிற சமாசாரம் என்று அதுவரை நினைத்திருந்தேன். சிரிப்பை விழுங்கிவிட்டு உள்ளதைச் சொன்னேன். நான் தர்மவான் இல்லை, படிக்காமல் கையெழுத்துப் போட்ட முட்டாள் என்றேன்.

அவர் பூனையை மேசைமேல் வைத்தார். "அப்ப பதினோரு மாசமா நான் சும்மாவா ஓட்டிக்கிட்டிருந்தேன்?"

"நீங்க சும்மா ஓட்டினீங்க. நான் சும்மா கட்டினேன்" என்றேன்.

அங்கேயே, அப்போதே பாலிசி எடுத்துவிட வேண்டும் என்று அவரை அவசரப்படுத்தினேன். ஆஸ்பத்திரிக்குள் கம்ப்யூட்டர் பூனை முடியும் தூசியுமாகச் செத்துக்கிடந்ததால், நாயைப் பின்னால் கூண்டுகளுக்கு நடுவே நகர்த்திவிட்டு இருவரும் காரிலேயே உட்கார்ந்தோம். அவர் போனில் தட்டத் தட்ட, நான் பையிலிருந்து எடுத்த பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். இந்தத் தடவை எழுத்துப்பிழையைப் பார்க்கக்கூடாது, விஷயத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே உத்தரவு போட்டுக்கொண்டேன். இரண்டு இடத்தில் ஒற்று விடுபட்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினேன். ஏழாவது திரையில், சாம்பல் நிறத்தில், கண்ணுக்கே தெரியாமல் அந்தக் கட்டம். உள்ளே டிக். "நிறுத்துங்க டாக்டர்!" என்று கத்தினேன். பின்சீட்டில் நாய் குரைத்தது, கூண்டில் ஏதோ ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் விரலால் ஒரு தட்டு தட்டினார். டிக் போய்விட்டது. "எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? நானா இருந்தா பாத்திருக்கவே மாட்டேன்" என்றார். ஓய்வு பெற்ற பிறகு முதன்முதலாக ஒருவர் என் வேலையைப் பாராட்டினார். சினிமா நாயகன்போல இறங்கினேன். கதவை மூடும்போது சட்டை நுனி மாட்டிக்கொண்டது, அது வேறு விஷயம்.

தெருமுனைக் கடையில் அச்சடித்த நகலோடு அன்றைக்கே மூன்றாவது மாடி ஏறினேன். படிவத்தை நிரப்பி நீட்டினேன். அதிகாரி நகலைப் படிவத்தோடு சேர்த்துப் பின் அடித்து, முத்திரையை ஓங்கிக் குத்தினார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இனிக்கிறது. மூன்றாம் நாள் செய்தி வந்தது, உங்கள் பாலிசி ரத்து செய்யப்பட்டது என்று. என் மனைவியிடம் காட்டினேன். அவள் போட்டுக் கொடுத்த டீயில் சர்க்கரை சரியாக இருந்தது.

ஆகவே அக்கா, உன் தம்பி ஏமாந்தது உண்மை, அவமானப்பட்டது உண்மை, ஆனால் கடைசியில் ஒரு பெரிய கம்பெனியோடு தனியாளாக நின்று ஜெயித்ததும் உண்மை. மூன்றாவதை அத்தானிடம் முதலில் சொல். அவருக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் எதில் கையெழுத்துப் போட்டாலும் இருமுறை படிக்க வேண்டும் என்ற ஆசியும் சேர்த்து. உன் காலில் விழுந்து கும்பிட்டதாக எண்ணிக்கொள். நிஜமாகவே விழுந்தால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும்.

இப்படிக்கு,
உன் ஆசிகளால் இன்னும் நடமாடும்
தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் கண் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வருகிற புதன்கிழமை எனக்குப் புரை எடுக்கிறார்கள். "சார், உங்க மருத்துவ பாலிசி ரத்தாயிருக்குன்னு காட்டுதே, நீங்களே ரத்து பண்ணச் சொன்னீங்களா?" என்று கேட்டார்கள். விசாரித்ததில் தெரிந்தது என்னவென்றால், இரண்டு பாலிசியும் ஒரே கம்பெனி. கார் பாலிசி எண் அறுபத்தொன்பதில் முடிகிறது, என் உடம்புக்கான பாலிசி தொண்ணூற்றாறில் முடிகிறது, மற்ற எண்களெல்லாம் ஒன்றேதான். பூதக்கண்ணாடியை டாக்டரம்மா காரிலேயே விட்டுவிட்டு வந்த நான், படிவத்தில் தொண்ணூற்றாறு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்களும் என்னைப்போலவே எதையும் படிக்காமல் முத்திரை குத்தியிருக்கிறார்கள். ஆக, இல்லாத கார் அடுத்த வருடம்வரை பத்திரமாக இருக்கிறது. இருக்கிற நான்தான் எந்தக் கணக்கிலும் இல்லை. ரத்தை ரத்து செய்யவும் ஒரு படிவம் உண்டாம், பதினைந்து நாள் கெடுவாம். அதை என் மனைவி பக்கத்து அறையில் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருக்கிறாள். நான் எதையும் படிக்க வேண்டாமாம். அவள் விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் கையெழுத்து மட்டும் போட்டால் போதுமாம்.