வயலினுக்கு ஆட்டுக்குடல் வாங்கப் போன கதை

சனிக்கிழமை காலமை எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. வயலினுக்கு ஒரு நரம்பு எடுக்கோணும்.

"வயலின் கம்பி நல்லூரிலை எந்தக் கடையிலும் கிடக்குமே" எண்டு நீங்கள் சொல்லுவியள். கிடக்கும். ஆனா அது ஸ்டீல் கம்பி. நான் வாசிக்கிறது முந்நூறு வருசத்துக்கு முந்தின ஐரோப்பியப் பாட்டு. அதை அந்தக் காலத்து வில்லாலை, அந்தக் காலத்துச் சுருதியிலை, அந்தக் காலத்து ஆட்டுக்குடல் நரம்பிலைதான் வாசிக்கலாம் எண்டு பிடிவாதமா நிக்கிற ஆள் நான். யாழ்ப்பாணத்திலை இந்த விசர் பிடிச்சது எனக்கறிய நான் ஒராள்தான்.

விசரை வீட்டோடை வைச்சிருந்தாலும் பரவாயில்லை. ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டன். ஞாயிற்றுக்கிழமை வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பழைய சேர்ச்சிலை என்ரை கச்சேரி. போன மாசம் அதே சேர்ச்சிலை ஒரு மணித்தியாலம் பேசினனான். "ஸ்டீல் கம்பியிலை இந்தப் பாட்டை வாசிக்கிறவன் பாட்டைக் கொலை செய்யிறான்!" எண்டு மேசையிலை தட்டிச் சொன்னனான். சனமும் கைதட்டினது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆக மெல்லிய நரம்பு டப்பெண்டு அறுந்துது. ஓடர் பண்ணின புது நரம்பு கொழும்பிலையோ கடலிலையோ, ஆருக்குத் தெரியும்!

சரி, நானே செய்வம் எண்டு வெளிக்கிட்டன். குடல் நரம்பு திரிக்கிறதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினவன் நான். வாழ்க்கையிலை ஒரு நரம்பும் திரிச்சதில்லை, அது வேறை கதை.

ஒரு சின்னச் சிக்கல். இது நல்லூர்த் திருவிழாக் காலம். கோயில் கொடியேறினால் எங்கடை ஒழுங்கை முழுக்க மச்சச் சாப்பாடு இல்லை. மீன், இறைச்சியை விடுங்கோ, முட்டை எண்ட சொல்லையே என்ரை மனிசி வீட்டுக்குள்ளை சொல்ல விடாள்.

அதாலை ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கரவெட்டிப் பக்கம் மோட்டச்சைக்கிளை விட்டன். அங்கை என்னை ஒருத்தருக்கும் தெரியாது.

"அண்ணை, குடல் இருக்கோ?"

"ஓம் தம்பி. வெட்டித் தாறன்."

"ஐயோ, வெட்டாதேங்கோ! முழுசா வேணும். சின்னக்குடல். ஓட்டை ஒண்டும் இருக்கப்படாது."

நான் பொக்கற்றிலை இருந்து அளவு நாடாவை எடுத்தன். இறைச்சிக்கடை அண்ணை கத்தியைக் கீழை வைச்சார்.

"தம்பி, கறிக்குத்தானே?"

"இல்லையண்ணை. வயலினுக்கு."

அவர் என்ரை முகத்தை ஒருக்கா வடிவாப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து எனக்கு எட்டாத பக்கம் வைச்சார்.

பக்கத்திலை இன்னொருத்தரும் ஹெல்மெட்டைக் கழட்டாமல் நிண்டார். இறைச்சிப் பையைச் சேட்டுக்குள்ளை ஒளிச்சுக்கொண்டு, "மாஸ்டர்?" எண்டார்.

தெரிஞ்ச குரல்! என்னட்டை வயலின் படிக்கிற பிள்ளையின்ரை தேப்பன். எங்கடை ஒழுங்கைதான். திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்ட மனிசன்.

அவர் பையை இன்னும் உள்ளுக்குத் தள்ளினார்.

"நாய்க்கு," எண்டார் அவர்.

"வயலினுக்கு," எண்டன் நான்.

"மாஸ்டர், நீங்களும் நாய்க்கெண்டே சொல்லுங்கோ. அதெண்டால் நம்பலாம்."

உண்மை சொன்னவன் நான். முழி பிதுங்க நிண்டதும் நான்தான்.

வீட்டை வந்தன். மனிசி கோயிலுக்குப் போட்டா. கிணத்தடியிலை குந்தியிருந்து கழுவினன், சுரண்டினன், சாம்பல் தண்ணியிலை ஊற வைச்சன். கட்டுரையிலை இதெல்லாம் ரண்டு பந்தி. மணத்தைப் பற்றி ஒரு வரியும் நான் எழுதேல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு முறுக்கி, தேசிக்காய் மரத்துக்கும் கிணத்துத் தூணுக்கும் நடுவிலை இழுத்துக் கட்டினன். வலு வடிவா நிண்டுது! பெருமையிலை ஒரு தேத்தண்ணி போட உள்ளுக்குப் போனன்.

ஐஞ்சு நிமிசம்தான். வெளியிலை வந்தால் நரம்பைக் காணேல்லை.

அங்காலை பார்த்தால், ஒரு காகம் நாலு முழ நரம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு மதிலுக்கு மேலாலை பறக்குது! செருப்பைக் கழட்டி எறிஞ்சன். காகம் பயந்து நரம்பை விட்டிட்டுது. பக்கத்து வீட்டு அன்ரியின்ரை சுளகிலை. காயவைச்ச மோர்மிளகாய்க்கு நடுவிலை.

"ஐயோ பாம்பு! ஓடி வாங்கோ! வானத்திலை இருந்து பாம்பு விழுந்திட்டுது!"

ஒழுங்கையே கூடிச்சுது. எதிர்வீட்டு ஐயா தடியோடை வந்தார்.

"அடிக்காதேங்கோ! திருவிழா நேரம் நாகதம்பிரான் வந்திருக்கிறார்!" எண்டு அன்ரி பால் எடுக்க ஓடினா.

நான் அப்ப வாயைத் திறந்திருக்கோணும். திறக்கேல்லை.

அந்த நேரம் பார்த்து மனிசி அர்ச்சனைத் தட்டோடை வந்து சேர்ந்தா. சுளகைக் குனிஞ்சு பார்த்தா. சாம்பல் பூசின என்ரை கையைப் பார்த்தா.

"அன்ரி, பாலை உள்ளுக்கு வையுங்கோ. இது பாம்பில்லை, குடல்."

"ஆரின்ரை குடல்?" எண்டார் தடி ஐயா.

எல்லாரும் என்னைப் பார்த்தினம். கூட்டத்துக்குப் பின்னாலை நிண்ட தண்ணீர்ப் பந்தல்காரர், "நாய்க்கு, நாய்க்கு" எண்டு எனக்கு வாயசைச்சுக் காட்டினார். எங்கடை வீட்டிலை நாயே இல்லை!

"ஆட்டின்ரை," எண்டன். "முந்நூறு வருசத்துக்கு முந்தி ஐரோப்பாவிலை..."

"கொடியேறின பிறகோ!" எண்டா அன்ரி. அதுக்குப் பிறகு ஐரோப்பாவை ஒருத்தரும் கேக்கேல்லை.

மனிசி கிணத்தடி முழுக்க மூண்டு தரம் மஞ்சள் தண்ணி தெளிச்சா. என்னை உடுப்போடை முழுக வைச்சா. அன்ரியின்ரை மோர்மிளகாய் அவ்வளவும் குப்பைக்குப் போச்சுது. எனக்குச் சரியான வெக்கம்.

"கச்சேரியை விடவேண்டியதுதான்," எண்டன், அழாக்குறையா.

மனிசி உள்ளுக்குப் போனா. என்னட்டைப் படிக்கிற பிள்ளையள் பழகிற வயலினிலை இருந்து ஒரு ஸ்டீல் கம்பியைக் கழட்டிக் கொண்டுவந்து முன்னாலை வைச்சா.

"இஞ்சாருங்கோ, இதைப் பூட்டுங்கோ. செத்தால் பாட்டுத்தானே சாகும். இன்னொரு குடல் இந்த வளவுக்குள்ளை வந்துதோ..."

மிச்சம் எனக்கு விளங்கினது. பூட்டினன்.

ஞாயிறு பின்னேரம் கச்சேரி. கம்பி மினுங்காமல் வயலினைச் சரிச்சுப் பிடிச்சன். வில் அந்தக் கம்பியிலை படேக்கையெல்லாம் கடைக்கண்ணாலை சனத்தைப் பார்த்தன். இப்ப ஆரோ எழும்பி "இது ஸ்டீல்!" எண்டு கத்தப்போகினம் எண்டு வேர்த்து ஒழுகினது.

முடிஞ்சுது. முன்வரிசையிலை இருந்த பென்சன் எடுத்த சங்கீத ரீச்சர் எழும்பி வந்தா. போன மாசம் என்ரை பேச்சை ஒரு வரி விடாமல் கொப்பியிலை எழுதினவ. நான் செத்தன் எண்டு நினைச்சன்.

ரீச்சருக்குக் கண் கலங்கிக் கிடந்தது. என்ரை ரண்டு கையையும் பிடிச்சா.

"தம்பி, நீங்கள் அண்டைக்குச் சொன்னது இப்பதான் எனக்கு விளங்கினது. குடல் நரம்பெண்டால் குடல் நரம்புதான்! ஸ்டீல் கம்பியிலை இந்தச் சத்தம் கனவிலையும் வராது."

"ஓம் ரீச்சர், வராது," எண்டு சொல்லி, வயலினைப் பெட்டிக்குள்ளை வைச்சுப் பூட்டினன்.